தாய்மாமன் கை நனைக்காத பந்தி

என் வீட்டுக்காரருக்குச் சோற்றை நிறுத்தியது டாக்டர் இல்லை, நான்தான். டாக்டர் குறைக்கத்தான் சொன்னார். குறைப்பதென்றால் எவ்வளவு என்று எனக்குப் பிடிபடவில்லை. அளவு தெரியாதவள் அடுப்பையே அணைத்த மாதிரி மொத்தமாக நிறுத்திவிட்டேன்.

ரெண்டாயிரம் பிறந்து ரெண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். எங்கள் பக்கத்தைத் தனி ஜில்லா என்று பிரித்து, மறுபடியும் சேர்த்து, ஒரு கையெழுத்துக்கு அரியலூர் போவதா பெரம்பலூர் போவதா என்று ஜனங்கள் பஸ் ஸ்டாண்டில் கேட்டுக்கொண்டிருந்த காலம். ரெட்டிபாளையத்தில், சிமெண்டு ஆலைக்குப் போகிற ரோட்டோரம் வீட்டு முன்னாலேயே நான் இட்லிக்கடை வைத்திருந்தேன். அவர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டிப்பர் ஓட்டினார். அந்தத் தூசியில் எங்கள் சட்டையும் வெள்ளை, தலைமுடியும் வெள்ளை, வேப்பமர இலையும் வெள்ளை. "உங்கூர்ல கெழவனுக்கும் கொமரனுக்கும் வித்தியாசம் தெரிய ஒரு வாளி தண்ணி வேணும்" என்று கடைக்கு வருகிற வெளியூர் டிரைவர் ஒருத்தர் சொல்வார்.

ஒரு நாள் சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினார். இடது கால் கட்டைவிரல் அடியில் கல் சில்லு ஒன்று குத்தி நின்றது. செருப்பெல்லாம் ரத்தம்.

"வலிக்கலையாங்க?"

"இல்லியே. குத்துனதே தெரியலயே."

வலிக்காதவரைக்கும் நல்லது என்று ரெண்டு பேரும் நினைத்துக்கொண்டோம். மஞ்சளும் எண்ணெயும் காய்ச்சி வைத்துக் கட்டினேன். வலிக்காததுதான் கெட்டது என்று எங்களுக்குச் சொல்ல அன்றைக்கு ஆளில்லை.

அவருக்குச் சக்கரை இருப்பது சில வருஷமாகவே தெரியும். மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கிப் போடுவார், நினைப்பு வந்தால். புண் ஆறாமல் நீர் கோத்துக்கொண்டபிறகுதான் அரியலூர் டவுனில் டாக்டரிடம் போனோம். அவர் காலை அமுக்கிப் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார், சீட்டைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"மாத்திரையைக் கூட்டி எழுதியிருக்கேன். சோறு, இட்லி, தோசையக் கொறைங்க. சக்கரை எறங்கினாத்தான் புண்ணு ஆறும். ஆறலைன்னா வெரலை எடுக்கிற மாதிரி ஆயிடும்."

திரும்பி வருகிற பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "எடது காலு. கெளச்சு மிதிக்கிற காலு. வெரலு போச்சுன்னா வண்டிய என்ன, மனசாலயா ஓட்டுறது?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்த விரல் எப்படியாவது நிற்க வேண்டும். அதற்குமேல் எனக்கு அப்போது ஒன்றும் தெரியவில்லை.

என் கடைக்குத் தினம் காலையில் ஒரு பெரியவர் வருவார். ஆலையில் லாரியை எடை போடுகிற மேடையில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், தனி ஆள். இட்லிக்கடைக்கு வந்து இட்லி தின்னாத ஒரே மனுஷர். வெறும் டீ, சக்கரை இல்லாமல். கையில் அவித்த முட்டை கொண்டுவருவார். அவருக்கும் சக்கரைதான். ஆனால் அவர் அதை வியாதி மாதிரி பேச மாட்டார், ஜெயித்த வழக்கு மாதிரி பேசுவார்.

"கட்டுன்னா கட்டும்மா. பாதி கட்டுன மாடு ஊரு மேயும்."

"சோத்துக்குப் பதிலா சப்பாத்தி கொடுக்கலாம்ங்கிறாங்களே?"

"கோதுமை யாரு? சோத்துக்குப் பங்காளி. கேவுரு யாரு? சோத்துக்குச் சம்பந்தி. எல்லாம் ஒரே குடும்பம். ஒருத்தனை உள்ள விட்டா மிச்சப்பேரும் பொட்டி படுக்கையோட வந்துருவான்."

எனக்கு இந்த மாதிரிப் பேச்சு என்றால் உயிர். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம்தான், மிச்சம் முழுக்க வாயால் கேட்டதுதான். நன்றாகச் சொன்ன வாக்கியம் உண்மையாகத்தான் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை எனக்கு. அந்தப் பெரியவருக்குச் சக்கரை இறங்கினது நிஜம். அவர் சோற்றை விட்டபோது அவருடைய டாக்டர் மாத்திரையையும் கூடவே குறைத்துக்கொண்டே வந்தார் என்பதும் நிஜம். அதை அப்போது அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மாத்திரை ஏறின அன்றைக்கே நான் சோற்றை நிறுத்தினேன்.

காலையில் அவித்த முட்டை. மதியம் கீரை, முருங்கைக்காய், சுரைக்காய், ஒரு டம்ளர் மோர். ராத்திரி கொண்டைக்கடலை ஒரு கை, மறுபடியும் கீரை. என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அதிகாலையில் கடையில் முதல் ஈடு இட்லி இறங்கும்போது ஆவி அவர் படுத்திருக்கிற பக்கமாகத்தான் போகும். எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து, இட்லிப் பானைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து முட்டையை உரிப்பார்.

டிரைவர்கள் விடுவார்களா?

"என்ன அண்ணே, கடை ஒங்க கடை, இட்லி எங்களுக்கு மட்டுமா? உள்ள என்னத்தப் போட்டு அரைக்கிறாங்கன்னு ஒங்களுக்குத் தெரிஞ்சுபோச்சா?"

"ஒனக்கென்ன தம்பி. சக்கரை வந்தவனுக்குச் சோறு கூத்தியா மாதிரி. வூட்டுக்குள்ள விட முடியாது, நெனப்பு பூரா அங்கதான் கெடக்கும்."

கடையே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே சட்னி ஊற்றினேன். ஊருக்கெல்லாம் இட்லி அவித்துப் போடுகிற கை, தாலி கட்டினவருக்கு மட்டும் முட்டை உரித்துப் போடுகிறது.

அதைவிட மோசம் என் சாப்பாடு. நானும் கீரையோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று பார்த்தேன், ரெண்டு நாளில் அடுப்படியில் தலை சுற்றிவிட்டது. மாவாட்டி அடுப்பு அனலில் நிற்கிற உடம்பு, சோறு கேட்டது. அவர் வேலைக்குக் கிளம்பின பிறகு, மூடி வைத்த பழைய சோற்றை எடுத்து விறகு அடுக்கியிருக்கிற பக்கம் போய் நின்றுகொண்டே தின்பேன். திருடினது மாதிரி. ஒரு தடவை டிபன் தூக்கை மறந்துவிட்டோம் என்று அவர் திரும்பி வந்துவிட்டார். என் வாயில் சோறு. கையில் வெங்காயம்.

"திங்கிறதுக்கு என்னடி பயம்? உக்காந்து தின்னு, நின்னுக்கிட்டுத் தின்னா ஒட்டாது" என்றார். தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆனால் புண் காய ஆரம்பித்தது. அதையும் சொல்ல வேண்டும். ஓரமெல்லாம் சிவப்பாகத் தசை கட்டிக்கொண்டு வந்தது. காலைத் தூக்கி என் மடியில் வைத்துத் துணி மாற்றும்போதெல்லாம் நான் அந்தப் பெரியவரைக் கும்பிட்டேன். என் வீட்டுக்காரருக்கு உடம்பு இளைத்தது, சாயங்காலமானால் கை லேசாக நடுங்கியது, சின்ன விஷயத்துக்குச் சள்ளென்று விழுந்தார். பசிக் கோபம் என்று விட்டுவிட்டேன். "பத்தியம் இருக்கிற மனுஷன் பாம்பு மாதிரிதான் இருப்பான், பால் வார்த்தாலும் சீறுவான்" என்று பெரியவர் அதற்கும் ஒரு வாக்கியம் வைத்திருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் குரும்பலூரிலிருந்து என் நாத்தனார் வந்தார், என் வீட்டுக்காரருடைய அக்கா. அவருக்கும் சக்கரை உண்டு. குடும்பச் சொத்து மாதிரி ரெண்டு பேருக்கும் வந்திருந்தது. அவர் எதையும் விட மாட்டார், எதையும் நிறையத் தின்னவும் மாட்டார். என் வீட்டில் தம்பியின் தட்டைப் பார்த்தார்.

"என்ன புள்ள இது, ஆட்டுக்குக் கொழை கட்டுன மாதிரி?"

"சோறு ஆவாது அண்ணி. வெரலு ஆறணும்ல."

"ஆருடி சோத்தை அள்ளிக் கொட்டச் சொன்னா? ரெண்டு கை சோறு, ஒரு குண்டான் காயி. நான் அப்புடித்தான் ஓட்டுறேன். வாயைக் கட்டுனவளும் வாழ மாட்டா, வாயை அவுத்து விட்டவளும் வாழ மாட்டா. கவுத்தைக் கையில புடிச்சிக்கணும்."

"பாதி கட்டுன மாடு ஊரு மேயும் அண்ணி."

"முழுசாக் கட்டுன மாடு மொளைக்கிட்டயே செத்துரும், அது தெரியுமா?"

அவர் வந்த காரணம் வேறு. மகளுக்கு ஆலத்தியூர் பக்கம் ஒரு மாப்பிள்ளை அமைந்திருந்தது. அந்தப் பையனும் சிமெண்டு ஆலையில் ஃபிட்டர். அவர்கள் வந்து பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். இனி நாங்கள் போய் மாப்பிள்ளை வீடு பார்க்க வேண்டும். தாய்மாமன் இல்லாமல் அது நடக்காது.

கிளம்பும்போது நாத்தனார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இந்தா புள்ள, அங்க போயி சக்கரை கிக்கரைன்னு வாயைத் தொறந்துராதீங்க. ஆத்தாளுக்கும் சக்கரை, மாமனுக்கும் சக்கரைன்னா, பொண்ணுக்கும் வரும்னு கழிச்சு வுட்டுருவாங்க. காலுல கட்டு எதுக்குன்னு கேட்டா முள்ளு குத்திருச்சுன்னு சொல்லு."

சரி என்றேன். கல் குத்தினதை முள் என்பதில் என்ன பெரிய பொய் என்று நினைத்தேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொன்னால்தான் அன்றைக்கு நடந்தது புரியும். மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறவர்கள் அந்த வீட்டில் தண்ணீரைத் தவிர வேறொன்றும் தொட மாட்டார்கள். பேசி, எல்லாம் பிடித்து, பெண் கொடுக்கச் சம்மதம் என்றால்தான் இலையில் உட்காருவார்கள். கை நனைப்பது என்று அதற்குப் பெயர். முதல் இலை தாய்மாமனுக்கு. அவர் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தபிறகுதான் மற்றவர்கள் தொடுவார்கள். அவர் கை நனைக்கவில்லை என்றால் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம். வாயால் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. எத்தனையோ பேச்சை எங்கள் ஜனங்கள் இலையில்தான் பேசுகிறார்கள்.

இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனாலும் முந்தின நாள் அவரிடம், "அங்க சோத்தைத் தொடாதீங்க, பொரியலைத் தின்னுட்டு எந்திரிச்சிருங்க, ஆரு கவனிக்கப் போறா?" என்றேன். புண் மூட இன்னும் ஒரு நகத்தளவுதான் இருந்தது. கரையேறுகிற நேரத்தில் காலை விடக் கூடாது என்று இருந்தது எனக்கு.

விடியற்காலையில் ரெண்டு முட்டையைத் தின்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். பஸ் மாறிப் போய்ச் சேர்ந்து, பேசி, தோட்டத்தைப் பார்த்து, மாப்பிள்ளையிடம் நாலு கேள்வி கேட்டு முடிவதற்குள் உச்சி தாண்டிவிட்டது. பையன் தங்கமான பையன். நாத்தனார் முகம் மலர்ந்துவிட்டது. "சரி, எலையப் போடுங்க" என்றார். அந்த வீட்டு ஜனங்கள் அத்தனை பேருக்கும் சிரிப்பு.

ஆண்கள் பந்தியில் உட்கார்ந்தார்கள். நானும் நாத்தனாரும் நிலைப்படி ஓரம் நின்றோம். முதல் இலையில் என் வீட்டுக்காரர். பொரியல், கூட்டு, அப்பளம், பிறகு குவியலாகச் சோறு. ஆவி பறந்தது. சாம்பார் ஊற்றினார்கள். அவர் என்னைப் பார்த்தார்.

நான் தலையை லேசாக ஆட்டினேன். வேண்டாம் என்று.

அவர் அவரைக்காய்ப் பொரியலை எடுத்து வாயில் போட்டார். கூட்டைத் தொட்டார். சோற்றுப் பக்கம் கை போகவில்லை. பந்தியில் மற்றவர்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

மாப்பிள்ளையின் அப்பா குனிந்து, "மச்சான், சோறு ஆறுதுங்க" என்றார்.

"இருக்கட்டும்ங்க."

"கொழம்பு வேற ஊத்தச் சொல்லட்டுங்களா?"

"வேணாம்ங்க. இதே போதும்."

அந்தப் பக்கத்துப் பங்காளி ஒருத்தர், தூண் மறைவிலிருந்து யாருக்கோ சொல்வது போலச் சொன்னார். "குரும்பலூரு அரிசி வெள்ளையா இருக்கும்டா. நம்ம அரிசி அவங்க கண்ணுக்குப் புடிக்குமா?"

நாத்தனார் என் விலாவில் இடித்தார். "ஒரு வாய் திங்கச் சொல்லித் தொலையேன் புள்ள."

"வெரலு அண்ணி..."

"ஒரு வாயில வெரலு போயிருமாடி? எம் பொண்ணு போறாளே, அது தெரியலையா?"

நான் மறுபடியும் அவரைப் பார்த்தேன். இந்தத் தடவை அவர் என்னைப் பார்க்கவில்லை. எங்கேயோ பார்த்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. காற்று நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா, "ஒரு வாயாச்சும், எங்க மனசுக்காக" என்று கையைப் பிடித்ததுதான் தாமதம்.

"வேணாம்னா வுடுங்களேன்யா! ஆளாளுக்கு நொச்சு நொச்சுன்னு!"

என்னிடம்கூட அப்படிக் கத்தியதில்லை அவர். எங்கள் ஆட்கள் ஒவ்வொருத்தராக இலையை விட்டுப் பின்னால் நகர்ந்தார்கள். தாய்மாமனே சொல்லிவிட்ட பிறகு என்ன? நாத்தனார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். உள்ளே யாரோ "அவமானப்படுத்தத்தான் வந்தாங்களா?" என்பது கேட்டது.

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. கை இலையிலேயே ஊன்றிச் சறுக்கியது. சோறும் சாம்பாருமாக மடியில் சாய்ந்தார்.

முதலில் ஓடிவந்தது நான் இல்லை, மாப்பிள்ளையின் அம்மா. அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தார். அவர் நெற்றியைத் தொட்டார், கழுத்தைத் தொட்டார்.

"இது கோவம் இல்ல. ஒடம்பு சில்லுன்னு கெடக்கு. சக்கரை எறங்கிப்போச்சு. ஏ, சீனி டப்பாவ எடுத்தாங்கடி! தண்ணில கலக்குங்க, சீக்கிரம்!"

நினைவு இருந்தது, விழுங்க முடிந்தது, அது எங்கள் அதிர்ஷ்டம். தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மடக்கு மடக்காகச் சீனித் தண்ணீரைக் கொடுத்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சீனியை விஷம் மாதிரி ஒளித்து வைத்திருந்தவள் நான். அது அவர் கண்ணைத் திறந்துவைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் முகத்தில் களை வந்தது. சுற்றி எல்லாரும் நிற்பதைப் பார்த்து, "ஏன், என்னாச்சு? சாப்பிடலையா யாரும்?" என்று கேட்டார். கத்தினது எதுவும் அவருக்கு நினைவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா என் பக்கம் திரும்பினார். "சக்கரை மாத்திரை போடுறாங்களா?"

நாத்தனார் என்னையே பார்த்தார். எனக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமாங்க. காலுல இருக்கிறதும் முள்ளு குத்துனது இல்லைங்க. அவங்க ஒங்க சோத்தை வேணாம்னு வெக்கல. நான்தான் சோறு திங்கக் கூடாதுன்னு கட்டிப் போட்டுருக்கேன்."

"ஒங்களுக்கு எப்புடித் தெரிஞ்சுது சம்பந்தி?" என்று நாத்தனார் மெதுவாகக் கேட்டார். "சக்கரை எறங்குனா இப்புடித்தான் ஆவும்னு?"

அந்த அம்மா தன் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார்.

"எனக்கு ரெண்டு தரம் வந்துருக்கு. பொண்ணு வூட்டுக்காரங்ககிட்டச் சொல்லாதேன்னாங்க இவங்க."

"ஒங்களுக்குமா?"

"அப்ப ஒங்களுக்கும் இருக்கா?"

ரெண்டு சம்பந்திகளும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். தூண் மறைவில் நின்ற அதே பங்காளிதான் சொன்னார். "அப்பறம் என்னங்க, கல்யாணத்துக்குப் பாயசச் செலவு மிச்சம்."

யாரோ சிரிக்க, எல்லாரும் சிரித்துவிட்டார்கள். புது இலை வந்தது. அந்த அம்மாவே ஒரு கை அளவு சோறு வைத்து, சுற்றிலும் பொரியலையும் கூட்டையும் குவித்தார். "இம்புட்டுத்தான் அண்ணே. காய வேணும்னாக் கேளுங்க, சோத்தைக் கேக்காதீங்க."

அவர் சோற்றைப் பிசைந்தார். வாய்க்குக் கொண்டுபோகும் முன்னால் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சாவின் வாசல் வரைக்கும் போய்வந்த மனுஷன், ஒரு வாய் சோற்றுக்கு இன்னும் என் உத்தரவைத்தான் கேட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டேன்.

மறுநாளே அரியலூர் டாக்டரிடம் போனோம். அவர் சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஏம்மா, சோத்தை மொத்தமா நிறுத்துறது தப்புன்னு நான் சொல்லல. சில பேருக்கு ஒத்துக்கும். ஆனா மாத்திரைய அவரு திங்கிற சோத்துக்குக் கணக்குப் பண்ணில்ல கொடுத்தேன்? சோத்தை எடுத்துட்டு மாத்திரைய விட்டா அது எதைத் திங்கும்? ரத்தத்துல இருக்கிறதையெல்லாம் இழுத்துப் போட்டுரும். இவரு டிப்பர் வேற ஓட்டுறாரு. சொரங்கத்துச் சரிவுல வந்திருந்தா?"

சாயங்காலம் நடுங்கின கையும், சள்ளென்று விழுந்த கோபமும் என்னவென்று அப்போதுதான் தெரிந்தது. அந்தக் கையோடுதான் அவர் தினமும் வண்டி ஓட்டியிருக்கிறார். பசிக் கோபம் என்று நினைத்துக்கொண்டு நான் வழியனுப்பி வைத்திருக்கிறேன்.

டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். மதியம் கொஞ்சம் சோறு, நிறையக் காய், முட்டையும் பயறும் எப்போதும் போல. காலையில் ரெண்டு இட்லிக்குமேல் கிடையாது. கல்யாணம் காட்சி என்றால் மொத்தத்தில் அளவு பார்த்துத் தின்ன வேண்டும், ஒரேயடியாகப் பட்டினி கிடக்கவும் கூடாது. நாத்தனார் சொன்ன வழிதான். எடை மேடைப் பெரியவரிடம் நடந்ததைச் சொன்னேன். "நான் என் ஒடம்பைச் சொன்னேம்மா. அடுத்தவன் ஒடம்பு எனக்குத் தெரியுமா?" என்றார். அதற்கப்புறம் கடையில் அவர் வைத்தியம் பேசி நான் கேட்கவில்லை. அவரை அப்படி ஊமையாக்கினதும் எனக்கு ஒரு பாரம்தான். அவர் கெட்டதா சொன்னார்?

முதன்முதலாக என் வீட்டுக்காரர் தட்டில் இட்லி வைத்த அன்றைக்கு அவர் அழுதுவிட்டார். மிளகாய்ப்பொடி காரம் என்றார். எனக்கும் சந்தோஷம்தான். கூடவே ஒரு பயம். கட்டினபோது தினம் தினம் புண்ணைப் பார்த்து நிம்மதியானேன். அவிழ்த்துவிட்ட பிறகு தினம் தினம் புண்ணைப் பார்க்கவே பயந்தேன். கரண்டியைக் கையில் எடுத்தால் இந்தச் சோறு கூடவா குறைவா என்று கை நின்றுவிடும். இன்னும் கொஞ்சம் போடு என்று அவர் கேட்டால் போட்டுவிட்டு வருந்துவேன், போடாவிட்டாலும் வருந்துவேன். இதில் எது பெரிய பாவம் என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

நாத்தனார் மகள் கல்யாணம் அந்த மாப்பிள்ளையோடேயே நடந்தது. புண்ணும் மூடிக்கொண்டது. நாங்கள் நிம்மதியாக இருந்தோம். மறு வருஷம் மழைக்காலத்தில் அதே இடத்தில் செருப்பு ஆணி உரசி மறுபடி திறந்துகொண்டது. இந்தத் தடவை சிவப்பாக இல்லை. ஓரம் கறுத்தது. நாலு நாளில் விரல் முழுக்கக் கறுத்தது. பெரம்பலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். விரலை எடுத்துவிட்டார்கள்.

எடுத்த மறுநாள் காலையில் அங்கேயிருந்த டாக்டர், சின்ன வயசுக்காரர், கட்டைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே கேட்டார். "சாப்பாட்டுல கட்டுப்பாடெல்லாம் எப்புடிம்மா இருந்துச்சு?"

முதலில் கட்டினதைச் சொல்வதா? பிறகு அவிழ்த்ததைச் சொல்வதா? கட்டினபடியே விட்டிருந்தால் விரல் நின்றிருக்குமா என்று அவரிடம் கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் கட்டிலில் படுத்திருந்தவர் பேசினார்.

"அவ மேல ஒரு தப்பும் இல்லைங்க சார். வூட்டுல அளந்துதான் போடுவா. நான்தான் லோடு ஏத்தப் போற எடத்துல பரோட்டா, போண்டான்னு தின்னுட்டு வந்து அவகிட்ட மறைச்சிட்டேன்."

டாக்டர் அவரைத் திட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, "சாப்பாடு ஒண்ணு மட்டும் இல்லம்மா. காலுக்கு ரத்தம் போறது கொறைஞ்சு பல வருஷம் ஆயிருக்கு. நரம்பும் மரத்துப்போயிருக்கு. நீங்க மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

நான் வராண்டாவுக்கு வந்து சுவரில் சாய்ந்து நின்றேன்.

அவர் வெளியில் தின்றதை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை, சட்டையில் எண்ணெய் வாசம்கூட அடித்ததில்லை. அதற்காகத் தின்னவில்லை என்று சொல்லிவிட முடியுமா? டிப்பர் ஓட்டுகிறவர் எங்கே நிறுத்துகிறார், எங்கே இறங்குகிறார் என்று எனக்கு என்ன தெரியும்? என்னைத் தப்பிக்கவைக்க அந்த நேரத்தில் ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லக்கூடிய மனுஷர்தான். நிஜத்தையும் சொல்லியிருக்கலாம். நான் இதுவரைக்கும் அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் எதையாவது சொல்லிவிடுவார்.

அன்றைக்கு அந்த வராண்டாவில் நின்றுகொண்டு, அது நிஜமாக இருக்கட்டும் என்று நான் சாமியை வேண்டிக்கொண்டேன். விரல் போய்ப் படுத்துக் கிடக்கிற மனுஷன், என்னை ஏமாற்றித் தின்றவராக இருக்கட்டும் என்று. அதைவிட ஒரு கெட்ட வேண்டுதலை நான் வேறெந்தச் சாமியிடமும் வைத்ததில்லை.